உடைந்த விளையாட்டுப் பிடி: ரிப்பேரா, குப்பையா?

ஏறக்குறைய 45 வருஷங்களுக்கு முன் செய்த ஒரு விளையாட்டுப் பிடியை இன்றும் ரிப்பேர் செய்யலாம். அதற்கு ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் போதும். ஆனால் சில வருஷங்களுக்கு முன் கடைக்கு வந்த புதுப் பிடி கெட்டுப் போனால், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர்.

விஞ்ஞானம் வளர வளர ரிப்பேர் சுலபமாக அல்லவா ஆகவேண்டும்? ஏன் கஷ்டமாகிவிட்டது?

இது பிள்ளைகள் விளையாட்டு விஷயம்தானே என்று பெற்றோர்கள் நினைக்கக் கூடாது. இன்று விளையாட்டுப் பிடிக்கு நடப்பதுதான் வீட்டில் உள்ள டெலிபோன், டெலிவிஷன், துணி துவைக்கும் யந்திரம் எல்லாவற்றுக்கும் நடக்கிறது. மத்திய சர்க்காரும் இதைப் பற்றி யோசித்து வருகிறது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பிடி வந்த கதை

டெலிவிஷன் திரையில் ஓடும் வீடியோ விளையாட்டைக் கையால் ஆட்டி வைக்கும் கருவிக்கு "ஜாய்ஸ்டிக்" என்று பெயர். இது ஆகாய விமானத்திலிருந்து வந்த பெயர். விமானி தம் கையில் பிடித்துக்கொண்டு விமானத்தைத் திருப்பும் கம்பைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள்.

1977-ல் அமெரிக்காவில் அடாரி என்ற கம்பெனி, வீட்டு டெலிவிஷனில் பொருத்தி விளையாடும் யந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு கம்பு, மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான். இதுதான் அடாரிப் பிடி. உலகம் முழுவதும் பிள்ளைகள் இதைப் பிடித்து ஆட்டினார்கள். 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி தன் யந்திரத்தை வெளியிட்டது. கம்புக்குப் பதிலாக, கட்டை விரலால் அழுத்தும் சிலுவைப் பொத்தான் அதில் வந்தது.

நம் நாட்டில் 1990-க்குப் பிறகு இந்த ஜப்பான் யந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல்கள் ஏராளமாக விற்றன. சமுராய், மீடியா என்ற பெயர்களை இன்று நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீசைக்கார மாரியோ குதித்து ஓடிய விளையாட்டும், இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடும் "காண்ட்ரா"வும் கோடை விடுமுறையின் பெரிய சந்தோஷமாக இருந்தன.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இதற்கு ஒரு வசதியும் இருந்தது. மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன். இறங்கினால் எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக ஏற்பட்ட அந்தக் கடை வரிசையில் யந்திரமும் கேசட்டும் கிடைத்தன. உதிரிச் சாமான் வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருந்தது, இன்றும் இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய அடாரிப் பிடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் பெட்டி இரண்டாகப் பிரியும்.

உள்ளே இருப்பது மிகவும் எளிய ஏற்பாடு. ஒரு சிறு பலகை. அதன் மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஐந்து உலோகக் குமிழ்கள். மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு திசைக்கு நான்கு. சிவப்புப் பொத்தானுக்கு ஒன்று. கம்பை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கத்துக் குமிழ் அமுங்கும். "டிக்" என்று ஒரு சத்தம். மின்சாரம் பாயும். திரையில் இருப்பவன் நகருவான். கையை எடுத்தால் குமிழ் தானாக எழும்பும். அவன் நிற்பான்.

வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணியின் பொத்தானுக்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் கிடையாது. ஐந்து அழைப்பு மணிப் பொத்தான்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு கம்பிகள் வெளியே போகின்றன. ஐந்து பொத்தான்களுக்கு ஐந்து. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று.

நிண்டெண்டோ நகல் பிடிகளில் உலோகக் குமிழ் இல்லை. ரப்பர் மெத்தை இருக்கும். அதன் அடியில் சிறு கறுப்பு வட்டங்கள் இருக்கும். அவை கரி கலந்த ரப்பர். பொத்தானை அழுத்தும்போது அந்தக் கரி வட்டம் பலகையில் உள்ள இரண்டு கோடுகளைச் சேர்த்து வைக்கிறது. அவ்வளவுதான்.

உப்புக் காற்றின் வேலை

இவ்வளவு எளிய கருவி ஏன் கெடுகிறது?

முதல் காரணம் தூசி. இரண்டாவது, கை வேர்வை. மூன்றாவது, கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் வரை கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உப்புக் காற்று.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக் காற்று அரிக்கிறது. அந்தக் கல்லில் ஊறிய உப்பை எடுக்க, தொல்பொருள் இலாகாவினர் ஈரமான காகிதக் கூழைச் சிற்பங்களின் மேல் அப்பிவைத்து, உப்பை அதில் ஊறச்செய்து எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால், மெல்லிய உலோகக் குமிழ் எம்மாத்திரம்? அதன் மேல் களிம்பு படிகிறது. களிம்பு படிந்த இடத்தில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. பையன் வலது பக்கம் சாய்க்கிறான். மாரியோ அசையாமல் நிற்கிறான்.

அப்போது பையன் என்ன செய்கிறான்? இன்னும் பலமாக அழுத்துகிறான். கம்பின் அடியில் உள்ள பிளாஸ்டிக் துண்டு விரிசல் விடுகிறது. சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிறது.

வீட்டிலேயே பழுது பார்க்கும் முறை

பழைய பிடியைப் பிரிக்கும் முறை இதுதான்.

முதலில் பிடியை யந்திரத்திலிருந்து கழற்றி விடுங்கள். மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். பொத்தானுக்கு அடியில் ஒரு சிறு சுருள் வில் இருக்கும். அது துள்ளி ஓடினால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எந்த நிறக் கம்பி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசி இருந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கம்பியைக் கழற்றியவர்கள் பிறகு தலையைச் சொறிவார்கள்.

களிம்பையும் அழுக்கையும் துடைக்க "ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்" என்ற திரவம் நல்லது. பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்து உலர விட வேண்டும். இது தீப்பற்றும் பொருள். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் இவற்றைத் தடவாதீர்கள். இன்னும் அதிகமாகத் தூசி ஒட்டும்.

ரப்பர் மெத்தையைத் தனியே எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தலாம். கரி வட்டம் தேய்ந்திருந்தால், மிருதுவான பென்சிலால் அதன் மேல் தேய்ப்பார்கள். பென்சில் கரியிலும் மின்சாரம் பாயும். சில நாளைக்குத் தாங்கும். நிலையான வைத்தியம், புது ரப்பர் மெத்தை போடுவதுதான்.

எல்லாவற்றையும் துடைத்தும் வேலை செய்யவில்லையா? கம்பியைச் சந்தேகியுங்கள். பிடியிலிருந்து கம்பி வெளியே வரும் இடத்தில்தான் அது அடிக்கடி மடங்குகிறது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் மல்டிமீட்டர் வைத்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பார். அறுந்த இடத்தை வெட்டிவிட்டு, மீதிக் கம்பியை மறுபடி பற்றவைத்தால் பிடி பிழைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பிடியில் ஓடுவது 5 வோல்ட் மின்சாரம்தான். ஆனால் டெலிவிஷன் பெட்டியையும், சுவரில் செருகும் மின்சாரப் பெட்டியையும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். கம்பியில்லாத புதுப் பிடிகளில் உள்ள பாட்டரியை ஊசியால் குத்துவதும் ஆபத்து.

புதுப் பிடியின் வியாதி

இனி புதுப் பிடிக்கு வருவோம்.

பழைய கம்பு நான்கு திசைதான் அறியும். புதுப் பிடியில் உள்ள சிறு குச்சி, எவ்வளவு தூரம் சாய்த்தோம் என்பதையும் அறியும். கொஞ்சம் சாய்த்தால் வீரன் நடப்பான். முழுவதும் சாய்த்தால் ஓடுவான். இதற்காகக் குச்சியின் இரு பக்கங்களிலும், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. ஒரு சிறு உலோக நாக்கு, கரிப் பாதையின் மேல் முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

தேயும் பொருள் ஒரு நாள் தேய்ந்துதான் தீரும். பழைய ரேடியோவில் திருகைத் திருப்பும்போது "கரகர" என்று சத்தம் வருமே, அதே வியாதிதான். இங்கே கரகர சத்தம் வராது. கை வைக்காமலே வீரன் தானாக நடக்க ஆரம்பிப்பான்.

நிண்டெண்டோ கம்பெனி 2017-ல் வெளியிட்ட யந்திரத்தின் பிடிகளில் இந்தப் புகார் உலகமெங்கும் கிளம்பியது. அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. 2020-ல் அந்தக் கம்பெனியின் தலைவர், பங்குதாரர்கள் கூட்டத்தில் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

வியாதி தெரிந்தது. மருந்து ஏன் கஷ்டம்? முதலாவது, சில பிடிகளில் சாதாரணத் திருப்புளி நுழையாத மூன்று முனைத் திருகாணி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, தேயும் உறுப்பைக் கழற்றி மாட்டும்படி வைக்கவில்லை. சோனி கம்பெனியின் 2020-ஆம் வருஷப் பிடியில், ஒரு குச்சியின் உறுப்பை 14 இடங்களில் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். அந்த 14 இடத்தையும் உருக்கி எடுக்க, கை தேர்ந்தவர் வேண்டும்.

கழற்றி மாட்டும்படி செய்ய முடியாதா என்றால், முடியும். 2023-ல் அதே சோனி கம்பெனி, குச்சி உறுப்பை மட்டும் எளிதாகக் கழற்றிப் புதிது போடும் பிடி ஒன்றை வெளியிட்டது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை, சாதாரணப் பிடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! ரிப்பேர் செய்யும் வசதி பணக்காரர் சாமானுக்கு மட்டும் போய்விட்டது.

தேயாத பிடியும் உண்டு. காந்தத்தின் அருகே மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்று 1879-ல் ஹால் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்தத் தத்துவப்படி ஒரு சிறு காந்தத்தை வைத்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் குச்சியின் நிலையை அறியலாம். சேகா கம்பெனி 1998-லேயே தன் பிடியில் காந்தம் வைத்துவிட்டது. வழி தெரிந்த பிறகும் பல கம்பெனிகள் தேயும் உறுப்பையே போட்டு வந்தன.

சர்க்கார் என்ன செய்கிறது?

2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, "பழுது பார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அந்த வருஷம் டிசம்பரில் இதற்காக ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாமான்கள், வீட்டு உபயோக யந்திரங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், எப்படிப் பழுது பார்ப்பது, உத்தரவாதம் என்ன என்ற விவரங்களைக் கம்பெனிகள் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது நோக்கம்.

அடுத்து, 2025 மே மாதத்தில் மற்றொரு கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுவதுபோல், சாமானுக்கும் மார்க் போட வேண்டும் என்பது அதன் யோசனை. பிரிப்பது சுலபமா? உதிரிப் பாகம் கிடைக்குமா? எப்படிப்பட்ட திருகாணி? என்ன கருவி வேண்டும்? இவற்றைப் பார்த்து மார்க் போட்டு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி காட்ட வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் இத்தகைய மார்க் 2021 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் கமிட்டி முதலில் கைபேசிக்கும் பலகைக் கம்ப்யூட்டருக்கும் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும்.

2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. எந்தெந்தச் சாமான் குப்பையானால் தயாரித்த கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்ற பட்டியல் அது. அதில் "வீடியோ விளையாட்டு" என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பழுது பார்க்கும் உரிமைக்கு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் அதற்குத் தனிப் பெயர் இல்லை. மின்னணுச் சாமான் என்ற பொதுப் பெயருக்குள் புகுந்துகொள்ள வேண்டியதுதான்.

அதாவது, செத்த பிறகு எங்கே புதைப்பது என்று எழுதியாகிவிட்டது. வியாதி வந்தால் வைத்தியம் உண்டா என்பது இன்னும் தெளிவாகவில்லை!

அமெரிக்காவில் விட்ட ஓட்டை

பெயர் போட்டு எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்த்தால் போதும்.

2023-ல் மின்னெசோட்டா, கலிபோர்னியா ஆகிய இரண்டு ராஜ்யங்களும் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றின. கைபேசி உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. வீடியோ விளையாட்டு யந்திரத்துக்கு மட்டும் இரண்டு சட்டங்களிலும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் என்ன? யந்திரத்தைத் திறக்க வழி சொன்னால் திருட்டு விளையாட்டுகள் பெருகிவிடும் என்று கம்பெனிகளின் சங்கம் வாதாடியது. யந்திரத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். விளையாட்டை உருவாக்க எத்தனையோ பேர் உழைக்கிறார்கள். அவர்கள் உழைப்பைத் திருடக் கூடாது. ஆனால் பிடிக்குள் எந்த விளையாட்டு இருக்கிறது? குச்சியும் பொத்தானும்தானே இருக்கின்றன? பிடியின் தேய்ந்த குச்சியை மாற்றினால் எந்த விளையாட்டையும் யாரும் திருட முடியாது.

"திறந்தால் உத்தரவாதம் செல்லாது" என்று சாமானின் மேல் சீட்டு ஒட்டுகிறார்களே, அதுவும் அங்கே கேள்விக்கு வந்தது. 2018-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன், சோனி, மைக்ரோசாப்ட், நிண்டெண்டோ உட்பட ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காக உத்தரவாதத்தை மறுப்பதாகப் பயமுறுத்தக் கூடாது என்பது கடிதத்தின் சாரம்.

உளி சொல்லும் பாடம்

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல்லைக் கொத்தக் கொத்த உளியின் முனை மழுங்கும். மழுங்கிய உளியை யாரும் குப்பையில் எறிவதில்லை. உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து மறுபடி கூராக்குகிறார்கள். உளி தேய்ந்து குட்டையாகும் வரை இது நடக்கிறது.

அந்தக் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியைக் கூராக்கத் தெரிந்த கையும் அந்தப் பெருமையில் பங்காளிதான். கருவியைச் சீர்செய்யத் தெரியாதவன் நல்ல தொழிலாளி ஆக முடியாது.

2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டில் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. படித்து முடித்த பையன்களும் பெண்களும் அங்கே வேலை தேடுகிறார்கள். அவர்களில் சிலருக்காவது சொந்தமாக ஒரு ரிப்பேர் கடை வைக்கும் ஆசை இருக்கும். ரேடியோ, டேப் ரிக்கார்டர், டெலிவிஷன் என்று ஒவ்வொரு காலத்திலும் இந்தத் தொழில் குடும்பங்களைக் காப்பாற்றியது. உதிரிப் பாகமும் வரைபடமும் கிடைக்காவிட்டால், எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் கடையை மூட வேண்டியதுதான்.

குப்பைக் கணக்கையும் பாருங்கள். 2022-ஆம் வருஷத்தில் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். இதில் முறைப்படி சேகரித்து மறு உபயோகத்துக்கு அனுப்பியதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்குதான். மீதிக்கு அப்படிப்பட்ட கணக்கே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. பழுது பார்க்கும் உரிமையில் வீடியோ விளையாட்டுச் சாமானைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். தேயும் என்று தெரிந்த உறுப்பைக் கழற்றி மாட்டும்படி வைக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். உதிரிப் பாகம் இத்தனை வருஷத்துக்கு நியாயமான விலையில் கிடைக்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்ய வேண்டும்.

வாங்குகிற நாமும் செய்ய வேண்டியது உண்டு. பிறந்த நாளுக்குப் பிள்ளை பிடி கேட்டால், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் திருகாணி இருக்கிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறதா? குச்சி தேய்ந்தால் தனியே கிடைக்குமா? யார் ரிப்பேர் செய்வார்கள்? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். உத்தரவாதக் காலத்தில் ரிப்பேர் செய்ய மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குப் பேசி முறையிடலாம்.

பரண் மேல் பழைய பிடி கிடந்தால், குப்பைக்காரரிடம் போடுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, அந்த நான்கு திருகாணிகளைக் கழற்றிக் காட்டுங்கள். "இந்தக் குமிழ் அமுங்கினால் மின்சாரம் பாயும்" என்று சொல்லுங்கள். மறுபடி மூடும் வேலையை அவர்களிடம் விடுங்கள். திரையில் மாரியோ மறுபடி ஓடும்போது, அவனை ஓட வைத்தது தங்கள் கைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.